முதிர்ந்த மோட்டார் வண்டியும் அதன் ஓயாப் பிணியும்

மூப்பு என்பது உயிருள்ளவற்றிற்கு மட்டும் உரியதன்று. மனிதன் தன் கையாற் செய்த கருவிகளையும் அது விடுவதில்லை. கலப்பையின் கொழு தேய்ந்தால் உழவன் அதனைக் கண்ணாலே காண்கிறான். வண்டிச் சக்கரத்தின் பட்டை தளர்ந்தால் அதன் ஓசையே அறிவித்துவிடுகிறது. ஆனால் இக்காலத்து மோட்டார் வண்டியின் மூப்பு அங்ஙனம் வெளிப்படையாய்த் தோன்றுவதன்று. இரும்பும் உருக்கும் உறுதியாய் இருக்க, மயிரிழை போன்ற ஒரு செப்புக் கம்பியிலோ கடுகளவு களிம்பிலோ அது ஒளிந்துகொள்கிறது. இன்று வண்டியை நிறுத்தி, நாளை ஒன்றும் அறியாததுபோல் ஓடவிட்டு, மறுநாள் மீண்டும் நிறுத்தி, உடையவனை அலைக்கழிக்கிறது. அத்தகைய ஓயாப் பிணியின் இயல்பையும், அதனை ஆராய்ந்து தீர்க்கும் முறையையும், எம் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் ஊராகிய வடுகபட்டி, தேனி மாவட்டத்தில் பெரியகுளத்தை அடுத்துள்ளது. கொடைக்கானல் மலையில் விளையும் பூண்டு இறங்கிவந்து விலையாகும் சந்தை அங்குண்டு. எம் மாவட்டத்தின் மேற்கே மதில்போல் நிற்கும் மலைத்தொடரைக் கடந்தே கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லவேண்டும். விடியுமுன்னரே தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய வழிகளில் ஜீப்புகள் ஏறுவதும், மாலையில் அவை இறங்குவதும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர் நாள்தோறும் காணும் காட்சி. ஆகவே இப்பகுதியில் வண்டி வழியில் நிற்பது வெறும் காலவிரயமன்று. வளைவும் பள்ளமும் நிறைந்த மலைப்பாதையில் அஃது உயிரைப் பற்றிய விஷயமாகும்.

என் சிற்றப்பா பூண்டு வியாபாரம் செய்பவர். அவரிடம் எஸ்.யு.வி. என வழங்கும் ஜீப்பு வகையைச் சேர்ந்த பெட்ரோல் வண்டி ஒன்றுண்டு. 15 ஆண்டு நிறைந்து, பதிவும் ஒருமுறை புதுப்பிக்கப்பெற்றது. சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, மூணாற்றில் நடந்த உறவினர் மணவிழாவிற்காக அவரும் சிற்றன்னையும் யானும் அவ்வண்டியிற் புறப்பட்டோம். போடிநாயக்கனூரைக் கடந்து முந்தலை அடைந்தால் மலைப்பாதை தொடங்குகிறது. அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. பாதி வழிக்கு மேல் ஏறியபின், ஒரு வளைவின் நடுவே எஞ்சின் திடீரென நின்றுவிட்டது. ஸ்டியரிங் பாறைபோற் கனத்தது; பிரேக்கு மிதியும் இறுகிவிட்டது. பின்னே பாரம் ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. வண்டி இரண்டு முழ தூரம் பின்னோக்கி உருண்டது. சிற்றப்பா கைப்பிரேக்கை இழுத்துப் பிடிக்க, யான் குதித்திறங்கிப் பின்சக்கரத்திற்குக் கல்லை முட்டுக் கொடுத்தேன். அரை மணி நேரம் கழிந்தது. பின்னர்ச் சாவியைத் திருகவே, எஞ்சின் ஒரு குறையுமின்றி ஓடத்தொடங்கியது.

இங்ஙனம் நின்றது முதன்முறையன்று. அது நான்காம் முறை. அதற்கு முன்னர் மூன்று பட்டறைகளில் வண்டியைக் காட்டியிருந்தோம். ஒரு சென்சாரை இருமுறை மாற்றினர், காயில்களை மாற்றினர், பிளக்குகளையும் மாற்றினர். ஒவ்வொரு முறையும் சில வாரம் நன்றாய் ஓடிய வண்டி பின்னர்ப் பழையபடியே நின்றது. இதன் காரணத்தை அறியவேண்டுமாயின், தீப்பொறி எழும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும்.

தீப்பொறி எழும் விதம்

பெட்ரோல் எஞ்சின் ஓடுதற்கு மூன்று வேண்டும்: எண்ணெய், காற்று, தக்க தருணத்தில் ஒரு தீப்பொறி. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை இறுக அழுத்துவதால் உண்டாகும் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. பெட்ரோல் எஞ்சினிலோ பிளக்கின் நுனியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டி மின்சாரம் பாய்தல் வேண்டும். பாட்டரியிலுள்ள 12 வோல்ட்டு அதற்குச் சிறிதும் போதாது; இருபதினாயிரம் வோல்ட்டு அளவில் வேண்டும். 12 வோல்ட்டை அத்துணைப் பெருக்குவது இக்னிஷன் காயில் என்னும் கருவி.

இக்கருவியின் அடிப்படை 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர் கண்ட உண்மையே. ஒரு கம்பிச்சுருளினூடே செல்லும் காந்தசக்தி மாறினால் அச்சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பது அவர் கண்டது. காயிலில் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று சில நூறு சுற்றுக்களே உடையது, மற்றது பல்லாயிரம் சுற்றுக்கள் உடையது. முதற்சுருளில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென அறுத்தால் காந்தசக்தி நொடியில் ஒடுங்கும். அவ்வொடுக்கத்தால் இரண்டாஞ்சுருளில் மிகுந்த வோல்ட்டு எழும்.

மின்சாரத்தை அறுக்கும் வேலையைப் பழைய வண்டிகளில் பிளாட்டினம் என நம் மெக்கானிக்குகள் அழைத்த தொடுமுனைகள் செய்தன. வில்லிஸ் கம்பெனியார் 1941-இல் சேனைக்கென்று செய்யத் தொடங்கிய ஜீப்பு, 1947 முதல் மகீந்திரா நிறுவனத்தாரால் நம் நாட்டிலும் வழங்கலாயிற்று. அக்காலத்து ஜீப்பில் பொறி எழவில்லையெனில், மூடியைக் கழற்றித் தொடுமுனையை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்து, மீண்டும் புறப்படுவார்கள். குற்றம் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கும் எட்டியது. இப்போது அவ்வேலையைச் செய்வது ஈ.சி.எம். என்னும் கணிப்பொறி. வாகனப் புகையின் தீமையைக் குறைப்பதற்காக நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு முதல் படிப்படியாய் வகுக்கப்பெற்ற பாரத் ஸ்டேஜ் விதிகளுக்கு ஏற்ப எண்ணெயையும் பொறியையும் அளந்து விட வேண்டியதாயிற்று. அத்துணை நுட்பம் தொடுமுனைகளுக்கு இயலாது.

அந்நுட்பம் எத்தகையதெனச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். நான்கு சிலிண்டர் உள்ள எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பொறி வேண்டும். ஆகவே ஒரு சிலிண்டருக்கு நொடியில் 25 பொறிகள். நான்கிற்கும் சேர்த்து 100 பொறிகள். ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் நொடியில் ஐம்பதில் ஒரு கூறு. ஒரு பாகை திரும்புவதற்கு ஆகும் காலம் நொடியில் 18,000-இல் ஒரு கூறு. அதனுள் பிழையின்றிப் பொறி விழவேண்டும். எஞ்சின் அத்தருணத்தில் எந்நிலையில் இருக்கிறது என்பதைக் கணிப்பொறி எங்ஙனம் அறியும்? அதற்குத்தான் சென்சார்கள் உள்ளன.

அரசனும் ஒற்றரும்

ஈ.சி.எம்.மை ஓர் அரசனாகவும் சென்சார்களை அவன் ஒற்றராகவும் கருதலாம். அரசன் அரண்மனையைவிட்டு வெளியே வருவதில்லை. ஒற்றர் கொணரும் செய்தியைக் கொண்டே ஆணையிடுகின்றான். செய்தி பொய்யாயின் ஆணையும் பிழையாகும். செய்தியே வாராவிடில் ஆணையும் இல்லை.

இவ்வொற்றருள் தலையாயது கிராங்கு சென்சார். எஞ்சினின் முதன்மைத் தண்டோடு சுழலும் பற்சக்கரம் ஒன்றின் அருகே அது பொருத்தப்பட்டுள்ளது. பல வண்டிகளில் அச்சக்கரம் 60 பற்களுக்கு உரிய இடத்தில் 58 பற்களே உடையதாய், இரண்டு பல்லின் இடம் வெறுமையாய் இருக்கும். ஒவ்வொரு பல்லும் 6 பாகையைக் குறிக்கும். வெற்றிடம் வரும்போது சுற்றின் தொடக்கம் இன்னதெனத் தெரியும். சென்சாரினுள்ளே ஒரு காந்தமும் அதனைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும் உள்ளன. பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது காந்தசக்தி மாறி, சுருளில் சிறு மின்சாரம் எழுகின்றது. பாரடே கண்ட அதே உண்மையே இங்கும் வேலைசெய்கிறது. காயிலில் அது பல்லாயிரம் வோல்ட்டாய் முழங்குகிறது. சென்சாரில் மெல்லிய குரலாய்ப் பேசுகிறது. இச்செய்தி அற்றுப்போனால் அரசன் குருடனாவான். பொறியும் எண்ணெயும் ஒருசேர நின்றுவிடும். பிற வண்டிகளில் இதற்கு ஈடாக, 1879-இல் எட்வின் ஹால் கண்ட காந்த விளைவைக் கொண்டு இயங்கும் சென்சார் பொருத்தப்பட்டிருக்கும். அதன் வேலையும் இதுவே.

மற்ற ஒற்றரின் குற்றம் வேறுவிதமானது. எஞ்சின் தண்ணீரின் வெப்பத்தை அறிவிக்கும் சென்சார் பழுதுற்று, ‘எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது’ எனப் பொய் சொல்வதாகக் கொள்வோம். அரசன் அதனை நம்பிக் குளிர்காலத்துக்கு உரிய அளவில் எண்ணெயை மிகுதியாய் விடுவான். பிளக்குகள் கரிபிடித்துக் கறுக்கும், பொறி தடுமாறும். உடையவர் பிளக்கை மாற்றுவார். சில நாளில் புதிய பிளக்கும் கறுக்கும். தீப்பொறிக் குறைபாடு எனத் தோன்றியதன் வேர், தண்ணீர்க் குழாயின் அருகே இருக்கும். உட்செல்லும் காற்றை அளக்கும் சென்சாரில் புழுதி படிந்தாலும், புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார் சோர்ந்தாலும் இத்தகைய மயக்கமே விளையும். ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பிட்டுத் தெளிய வேண்டுமெனத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் அறிவுறுத்துகிறது. அவ்வறிவுரை மெக்கானிக்குகளுக்கும் ஏற்றதே.

முதுமை எங்கே தங்குகிறது?

ஒற்றன் செய்தி வாராதொழிந்தால், அவன் இறந்தான் எனத் துணிதல் ஆகாது. அவன் வரும் வழி அடைபட்டிருத்தலும் கூடும். வண்டி முதிருந்தோறும் இவ்வழிகளே பெரிதும் கெடுகின்றன. அதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, வெப்பம். எஞ்சினின் அருகே செல்லும் வயர்களின் மேலுறை ஆண்டுதோறும் வெந்து, மென்மை இழந்து, வெடிக்கிறது. வெப்பம் செம்பின் தடையையும் மிகுவிக்கும். வெப்பம் ஒரு பாகை ஏறினால் செம்பின் தடை நூற்றுக்கு 0.39 பங்கு வீதம் ஏறும்; 30 பாகையிலிருந்து 110 பாகை வரை ஏறின் ஏறத்தாழ நூற்றுக்கு 31 பங்கு மிகும். புதிய சுருள் இதனைப் பொறுக்கும். உள்ளே கீறல் கண்ட பழஞ்சுருளோ சூட்டில் விரிந்து அறுபட்டு, குளிர்ந்தபின் மீண்டும் கூடும். ‘சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது’ என்னும் முறையீட்டின் உட்பொருள் பல வேளைகளில் இதுவே.

இரண்டாவது, ஈரம். கனெக்டர்களில் நீர் கசிந்து பச்சைக் களிம்பு ஏறும். மூன்றாவது, அதிர்ச்சி. மலைப்பாதையிலும் குண்டுங்குழியுமான சாலையிலும் ஓடும் வண்டியில் வயர்களைப் பிடித்திருக்கும் கவ்விகள் கழன்று, வயர் இரும்பில் உராய்ந்து தேயும். நான்காவது, எலி. வைக்கோற்போரின் அருகிலும் கிடங்கின் ஓரத்திலும் நிற்கும் வண்டியில் எலி புகுந்து வயரைக் கொறிப்பது நம் ஊர்களில் அரிதன்று.

ஐந்தாவதாகிய எர்த்து தனியே கூறத்தக்கது. பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் திரும்பிவருவதற்கு வண்டியின் இரும்புடலே வழி. எஞ்சினையும் உடலையும் பாட்டரியையும் இணைக்கும் பட்டையான செப்புக் கயிறுகள் துருவேறினால், அந்தத் திரும்பும் வழி குறுகும். அப்போது ஒரு கருவிக்குரிய மின்சாரம் வேறு வழி தேடி அலைய, ஒன்றற்கொன்று தொடர்பில்லாத பல சென்சார்கள் ஒருங்கே பொய் பேசத் தொடங்கும். பல குற்றங்கள் ஒரே நாளில் தோன்றினால் பல கருவிகள் ஒரே நாளில் இறந்தன எனக் கொள்ளாது, எர்த்தையே முதற்கண் ஐயுறல் வேண்டும்.

இவையன்றிச் சாவி திருகும் சுவிட்சும் முதுமையடையும். பெருஞ்சாவிக்கொத்தை அதில் தொங்கவிடுவோர் பலர். அப்பாரம் ஓயாது ஆடி உட்புறத்தைத் தேய்க்க, பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது தொடர்பு அறும்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

குற்றம் நேரும்போது ஈ.சி.எம். அதனை ஒரு குறியீடாகத் தன் நினைவில் எழுதிவைக்கிறது. ஸ்கேனர் என்னும் கருவியால் அதனைப் படிக்கலாம். அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு முதல் விற்கப்படும் கார்களில் இக்குறியீடுகள் ஒரே முறையில் அமைதல் வேண்டுமென விதித்தனர். பிறநாட்டாரும் அதனைப் பின்பற்றினர். எடுத்துக்காட்டாக, பி0335 என்பது கிராங்கு சென்சாரைப் பற்றியது; பி0301 என்பது முதற்சிலிண்டரில் பொறி தவறுவதைக் குறிப்பது.

இங்கேதான் பெரும்பிழை நேர்கின்றது. பி0335 என்பதன் முழுப்பொருள் ‘கிராங்கு சென்சார் கெட்டது’ என்பதன்று. ‘கிராங்கு சென்சாரின் சுற்றுவழியில் கோளாறு’ என்பதே. சுற்றுவழி என்பதனுள் சென்சார், அதன் கனெக்டர், இரண்டு வயர்கள், பற்சக்கரம், அச்செய்தியைப் பெறும் ஈ.சி.எம். ஆகிய யாவும் அடங்கும். குறியீடு வீதியைக் காட்டுகிறது, வீட்டைக் காட்டுவதில்லை. எம் வண்டியில் மூன்று பட்டறையினரும் குறியீட்டைப் படித்தனர். அதன் கீழுள்ள பொருளை ஆராயவில்லை.

ஆராயும் முறை

இத்தகைய பிணி கண்ட வண்டியை எம்முறையில் ஆராய்தல் வேண்டுமென்பதைச் சுருங்கக் கூறுவேன்.

முதலில், நின்ற விதத்தைக் குறித்துவைக்க வேண்டும். எத்துணை நேரம் ஓடியபின் நின்றது, ஏற்றத்திலா இறக்கத்திலா, மழையிலா வெயிலிலா, எத்துணை நேரம் கழித்து மீண்டும் ஓடியது என்பவற்றை ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதுக. நிற்கும் தருணத்தில் முன்பலகையைக் கவனிக்க. விளக்குகளெல்லாம் ஒருங்கே அணைந்தால் பாட்டரியின் தொடர்பையோ சாவிச் சுவிட்சையோ ஐயுறலாம். விளக்குகள் எரிய, சுற்றுக் காட்டும் முள் மட்டும், சக்கரங்கள் இழுப்பதால் எஞ்சின் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே, சட்டெனப் பூச்சியத்திற்கு விழுந்தால், கிராங்கு சென்சாரின் செய்தி அற்றதெனக் கொள்ளலாம். முள் மெல்ல இறங்கினால் எண்ணெய் வழியை நோக்குக.

இரண்டாவது, பாட்டரி. நிறைந்த பாட்டரி ஓய்ந்திருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டு அளவிலும் காட்டவேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது பத்துக்கு மிகக் கீழே வீழ்ந்தால் பாட்டரியோ அதன் முனைகளோ சோர்ந்தன. சோர்ந்த பாட்டரி எஞ்சினை மெதுவாய்ச் சுழற்றும்; மெதுவாய்ச் சுழலும் பற்சக்கரம் சென்சாரில் மிக மெல்லிய குரலையே எழுப்பும்; அது அரசன் செவிக்கு எட்டாது. பாட்டரியின் குற்றம் சென்சாரின் குற்றமாய்த் தோன்றுவது இவ்வாறே.

மூன்றாவது, எர்த்து. ஸ்டார்ட்டர் சுழலும்போது பாட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சினின் இரும்புக்கும் இடையே வோல்ட்டை அளந்து பார்க்க. அரை வோல்ட்டு அளவுக்கு மேல் இருப்பின் செப்புக் கயிற்றைக் கழற்றித் தேய்த்து இறுக்குக.

நான்காவது, மாற்றி வைத்துப் பார்த்தல். முதற்சிலிண்டரில் பொறி தவறுவதாகக் குறியீடு வந்தால், புதிய காயில் வாங்குமுன், அதன் காயிலை மூன்றாம் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றுக. குற்றம் பி0303 எனக் காயிலோடு சென்றால் காயிலே குற்றவாளி; முதற்சிலிண்டரிலேயே தங்கினால் பிளக்கு, வயர், எண்ணெய் தெளிக்கும் இன்ஜெக்டர் முதலியவற்றை நோக்குக. காசு செலவில்லாத இச்சோதனை எத்தனையோ வீண்செலவைத் தடுக்கும்.

ஐந்தாவது, சூட்டில் சோதித்தல். சூட்டில் வரும் பிணியைக் குளிர்ந்த வண்டியில் தேடுதல், இரவில் வரும் காய்ச்சலைப் பகலில் நாடி பார்த்து இல்லையென்பதை ஒக்கும். வண்டியை நன்கு ஓட்டிச் சூடேற்றியபின், சென்சாரின் தடையைச் சென்சாரின் முனையிலும் ஈ.சி.எம். முனையிலும் தனித்தனியே அளக்க. இரண்டும் ஒத்திருந்தால் வழி நன்று. வேறுபட்டால் வழியே குற்றமுடையது. அளக்கும்போது வயர்க் கட்டை மெல்ல அசைத்துப் பார்த்தலும் வேண்டும்.

இவையனைத்தும் செய்தபின்னரே ஒரு கருவியை மாற்றுதல் தகும். மாற்றுங்கால் போலிப் பொருளை வாங்காதிருத்தலும் வேண்டும். போலிச் சென்சார் பழைய பிணியோடு புதிய பிணியையும் சேர்த்துவிடும்.

குற்றம் வெளிப்பட்டது

போடிமெட்டு நிகழ்ச்சிக்குப்பின் வண்டியை விற்றுவிடுவதாகச் சிற்றப்பா துணிந்தார். ஆனால் இத்தகைய வண்டியைக் குறையை மறைத்து விற்றால், அதே வளைவில் வேறொரு குடும்பம் நிற்கும். குறையைச் சொல்லி விற்றால் வாங்குவார் இலர். எனவே கடைசியாய் ஒருமுறை பார்ப்போமென, தேனியில் மோட்டார் மின்வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் கொண்டுசென்றோம்.

அவர் ஸ்கேனரை எடுக்கவில்லை. ஒரு பலகையில் அமர்ந்து, ‘முதலில் வண்டி நின்ற கதையைச் சொல்லுங்கள்’ என்றார். சிற்றப்பா செலவுக் கணக்கையே மிகுதியாய்ச் சொன்னார். சிற்றன்னை இடையிலே, ‘ஐயா, நிற்கும்போதெல்லாம் அந்த முள் முதலில் விழுந்துவிடுகிறது, அதன்பின்தான் வண்டி சோர்கிறது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. இதனை மூன்று இடத்திலும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை’ என்றார். முதியவர் நிமிர்ந்து, ‘அம்மா, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்’ என்றார்.

வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்றினார். சென்சாரின் முனையில் அளந்தார். தடை ஒழுங்காய் இருந்தது. ஈ.சி.எம். முனையில் அளந்தபடி என்னை நோக்கி, ‘தம்பி, அந்த வயர்க் கட்டை மெல்ல அசை’ என்றார். அசைத்தவுடன் அளவு துள்ளிக் குதித்தது. வண்டியின் உடலோடு சிறிதும் தொடர்பு கொள்ளலாகாத அவ்வயர், உடலோடு தொடர்பு காட்டியது. கட்டைப் பிரித்துப் பார்த்தோம். முன்னொரு பழுதுபார்ப்பில் கழற்றிய ஒரு சிறு கவ்வியை மீண்டும் மாட்டாது விட்டிருந்தனர். அதனால் வயர் தாழ்ந்து, புகைக்குழாயின் அருகே வெந்து, உறை வெடித்திருந்தது. சூடேறி உறை இளகும்போது செம்பு இரும்பைத் தொடும். செய்தி மண்ணிற் கலந்துவிடும். ஆறினால் விலகும்; வண்டி ஓடும்.

‘அங்ஙனமாயின், சென்சாரை மாற்றிய ஒவ்வொரு முறையும் சில வாரம் நன்றாய் ஓடியது ஏன்?’ என்று கேட்டேன். அவர் சிரித்து, ‘புதிய சென்சாரைப் பொருத்தும்போது வயரைத் தொட்டு அசைத்தார்கள் அல்லவா? வயர் சற்று விலகி நின்றது. குணப்படுத்தியது சென்சார் அன்று, தம்பி. அறியாமல் பட்ட கை’ என்றார். பல நாள் என் உள்ளத்தில் நின்ற சொல் அது. நோய் தணிந்ததைக் கண்டு, கொடுத்த மருந்தே தணித்ததென முடிவுகட்டுதல் எத்துணை எளிதான மயக்கம்!

ஒரு சாண் நீளப் புதிய வயரும், வெப்பந்தாங்கும் உறையும், அவ்விடுபட்ட கவ்வியும் சேர்ந்து ஒரு கிலோ பூண்டின் விலைக்கும் குறைவே. அவர் கூலியாக வாங்கியதும் மிகுதியன்று. அதன்பின் அவ்வண்டி பலமுறை மலையேறி இறங்கியது, ஒருமுறையும் நிற்கவில்லை.

மலைவழியில் நின்றால்

இனி, வண்டி நின்ற அத்தருணத்தில் செய்யத்தக்கதையும் கூறி முடிப்பேன். எஞ்சின் நின்றவுடன் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடசக்தியும் ஸ்டியரிங்கின் துணைசக்தியும் அகலும். தேங்கிய சக்தி ஓரிரு மிதிக்கே போதும். ஆகவே மிதியை விட்டுவிட்டு மிதியாது, ஒரே மிதியாய் அழுத்திப் பிடிக்க. பின்னர் அது கல்லைப்போல் இறுகினும் பிரேக்கு அற்றுவிடவில்லை. மிகுந்த வலிவோடு மிதித்தால் பிடிக்கும். கைப்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் இட்டு, வண்டி உருண்டாலும் மலைப்பக்கமே சாரும்படி சக்கரத்தைத் திருப்புக. கீழே உள்ளவர் சக்கரத்திற்குக் கல்லை முட்டுக் கொடுக்க. ஆனால் வண்டியின் நேர்பின்னே நிற்றல் ஆகாது. நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டு, வளைவின் அப்பால் ஒருவர் நின்று வருவோரை எச்சரிக்க. சாவியை ஓயாது திருகிப் பாட்டரியைக் கொல்லாதீர்கள். புறப்படும்போது எடுத்த கல்லை வழியிலேயே விட்டுச் செல்லுதலும் ஆகாது. அது பின்வருவோர்க்கு இடறாகும்.

கருவிகள் பெருகப்பெருக, குறையைச் சுட்டும் கருவிகளும் பெருகுகின்றன. ஆயினும் சுட்டிய இடத்தில் நின்று, ஏன் என வினவும் பொறுமையை எக்கருவியும் தரமாட்டாது. கெட்டது எதுவெனத் தெரியுமுன் மாற்றுவது பழுதுபார்த்தலன்று, அது சூதாட்டமே. எம் வண்டியின் பிணிக்கு முதற்குறிப்பைக் கண்டவர் மெக்கானிக் அல்லர். முள்ளின் மேற் கண்வைத்து அருகே அமர்ந்திருந்த சிற்றன்னையே ஆவர். அவர் சொல்லை முதற்பட்டறையிலேயே கேட்டிருந்தால், போடிமெட்டு வளைவில் அந்த அரை மணி நேரம் எமக்கு வாய்த்திராது.